சிவப்பு மையில் இருபதுக்கு இருபது

பெரிய டீச்சர் ரூமுக்கு வெளியே கிடக்கிற பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. கொஞ்சம் அசைந்தால் இந்தப் பக்கம் இறங்கும், திரும்ப அசைந்தால் அந்தப் பக்கம் இறங்கும், இறங்கும்போதெல்லாம் டக்கென்று ஒரு சத்தம் வரும், உள்ளே இருந்து பெரிய டீச்சர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அதனால் சங்கரேஸ்வரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முதல் பீரியடில் கூப்பிட்டு உட்கார வைத்தது, இப்போது இரண்டாவது பீரியடும் பாதி போய்விட்டது, அம்மா இன்னும் வரவில்லை. அம்மா எப்படி வருவாள், காலையில் முதல் பாகு இறக்கி, கடலையைக் கொட்டிப் பரப்பி, வெட்டிய மிட்டாயைத் தாளில் சுற்றி அடுக்கிய பிறகுதானே கம்பெனியில் விடுவார்கள். வரட்டும், மெதுவாகவே வரட்டும், வராமலே போனாலும் நல்லதுதான். வந்தால் என்ன சொல்வார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறது, பத்தாம் வகுப்பில் ஒன்பது வருஷமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அந்த நூறு எப்படி வருகிறது என்பதை மட்டும் எழுதிப் போடவில்லை. அரையாண்டுப் பரீட்சையில் கவிழ்ந்தவளை, அவள் அம்மாவை வரச்சொல்லி, ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, என் மகள் பெயரைப் பள்ளியில் இருந்து சொந்த விருப்பத்தின் பேரில் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். அடுத்த வருஷம் தனியாக எழுதட்டும்மா, என்ன அவசரம், என்பார்கள். அவசரமில்லைதான். மூன்றாவது வீட்டு மகேசு அக்காவும் அவசரமில்லாமல்தான் போனாள், அது நடந்து நாலு வருஷமாச்சு, இன்றைக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிட்டாய் சுற்றுகிறாள். சங்கரேஸ்வரிக்குக் கணக்கில் இருபத்து மூன்று. மற்ற நாலு பாடத்திலும் அறுபதுக்குக் குறையவில்லை, கணக்கில் மட்டும் இருபத்து மூன்று. முப்பத்தைந்து வேண்டும்.

தமயந்தி டீச்சர், அதுதான் கணக்கு டீச்சர், ஸ்லிப் டெஸ்ட் ஃபைலைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார். மடியில் இருக்கிறது. அட்டையில் ஒரு மயில் படம், ஓரத்தில் கயிறு. இந்த ஃபைல்தான் அவளுக்கு ஒரே சாட்சி, அம்மாவுக்கும் அதுதான் நம்பிக்கை. நேற்று ராத்திரி விஷயத்தைச் சொன்னபோது அம்மா அழவில்லை, அதட்டவில்லை, ‘வாராவாரம் பதினெட்டு, பத்தொன்பதுன்னு வாங்குற பிள்ள எப்படி ஃபெயிலாகும், எவளோ பேப்பரை மாத்திருக்கா, நான் வந்து கேக்கேன்’ என்றாள். அதைக் கேட்டதும் சங்கரேஸ்வரிக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று பட்டுவிட்டது. ஆமாம், வாராவாரம் வெள்ளிக்கிழமை, நாலு கணக்கு, ஒன்றுக்கு ஐந்து என்று இருபது மார்க். எழுதி முடித்ததும் பேப்பரைப் பக்கத்தில் இருப்பவளிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். டீச்சர் நாற்காலியில் இருந்தபடி விடையை வாசிப்பார், பக்கத்துக்காரி சிவப்புப் பேனாவால் திருத்தி, கீழே ‘திருத்தியவர்’ என்று போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும், பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து மார்க்கைச் சொல்ல வேண்டும். டீச்சர் ரெஜிஸ்டரில் ஏற்றிக்கொள்வார். அறுபத்து மூன்று பேர் இருக்கிற வகுப்பில் டீச்சர்தான் என்ன செய்வார், ரெண்டு கையும் ரெண்டு கண்ணும்தானே, அதை விடு. சங்கரேஸ்வரிக்குப் பக்கத்தில் ரதிப்பிரியா. ஆறாம் வகுப்பில் இருந்து ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ் என்றே சொல்லலாம், ரதி வீட்டு முட்டைக்குழம்பு இவளுக்கு, இவள் வீட்டுப் புளிச்சோறு அவளுக்கு. சங்கரேஸ்வரி கயிற்றை அவிழ்த்தாள். அம்மா வருவதற்குள் எத்தனை பதினெட்டு, எத்தனை பத்தொன்பது என்று எண்ணி வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவிழ்த்தாள், சத்தியமாக வேறு எதற்கும் இல்லை.

பதினெட்டு. பதினேழு. பத்தொன்பது. எண்ணிக்கொண்டே வந்தவள் நாலாவது தாளில் நின்றாள். ஒரு காரணிப்படுத்தும் கணக்கு. ஆறுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கிறது, கேள்வியை எழுதும்போது அவளே தெளிவாகக் கழித்தல் போட்டிருக்கிறாள், அடுத்த வரியில் அதைக் கூட்டல் என்று எடுத்துக்கொண்டு ரெண்டு, மூன்று என்று பிரித்திருக்கிறாள். ஆறும் ஒன்றும் வர வேண்டும். அரையாண்டில் இதே மாதிரிதான் வந்தது, இதே மாதிரிதான் செய்தாள், டீச்சர் சுழித்துவிட்டார். இங்கே அதன் மேல் சிவப்பாக, நீளமாக, வால் மேலே ஏறிப்போகிற மாதிரி சரி விழுந்திருக்கிறது. அஞ்சுக்கு அஞ்சு. ரதி கவனிக்காமல் போட்டிருப்பாள். அவளும் மனுஷிதானே, கண் தப்பியிருக்கும். சங்கரேஸ்வரி அடுத்த தாளைப் புரட்டினாள். கூம்பின் கன அளவு, மூன்றில் ஒன்று போடவில்லை, அது போடாவிட்டால் கூம்பு கூம்பாக இருக்காது, உருளையாகிவிடும், அதற்கும் சரி. இதுவும் கண் தப்பியிருக்கும். அடுத்தது சாய்வு, மேலே வர வேண்டியதைக் கீழேயும் கீழே வர வேண்டியதை மேலேயும் போட்டிருக்கிறாள், அதற்கும் சரி, பக்கத்தில் ஒரு சின்னப் பூப் படம் வேறு. பூ. ரதிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சாய்வைச் சொல்வாள், அரையாண்டில் அவளுக்குத் தொண்ணூற்றாறு. கண் எத்தனை தடவை தப்பும். ஜூலையில் தப்பலாம், ஆகஸ்டில் தப்பலாம், வாரம் தவறாமல் தப்புமா. பெஞ்சு டக்கென்று இறங்கியது, பெரிய டீச்சர் தலையைத் தூக்கினார், சங்கரேஸ்வரி தாள்களின் மேல் கையை விரித்து மூடிக்கொண்டாள். அப்போதுதான் ரதியின் குரல் காதுக்குள்ளே கேட்டது, அவள் பேப்பரை இவள் திருத்தும்போதெல்லாம் சொல்கிற அதே வார்த்தை. ஒரு தடவை பாவமே என்று ரதிக்கு அரை மார்க் கூட்டிப் போட்டதற்கு அவளுக்கு வந்ததே கோபம். ‘ஏட்டி, எனக்கு இந்த வேலையே வேண்டாம், தப்புன்னா தப்புன்னு போடு, அப்பதான் எங்க தப்புன்னு எனக்குத் தெரியும்.’ அப்பதான் எங்க தப்புன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அப்ப எனக்கு, என்று சங்கரேஸ்வரி நினைத்தாள். எனக்குத் தெரிய வேண்டாமா?

என்னத்துக்காகப் போட்டாள்? மார்க் குறைந்தால் ஒன்றும் அடி விழாது. பன்னிரண்டுக்குக் கீழே வாங்கினவர்களை நாலு மணிக்கு மேல் ஹாலில் அடைப்பார்கள், ஆறு மணி வரைக்கும், அவ்வளவுதான். அதற்குத் தொழுவம் என்று பெயர் வைத்ததே ரதிதான். நாலு மணி தாண்டிப் பையை மாட்டிக்கொண்டு ஹால் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது ரெண்டு பேரும் மெதுவாக ‘ம்மா’ என்று கத்துவார்கள், உள்ளே இருக்கிற குருவம்மா திரும்பி முறைப்பாள், இவர்கள் சிரித்துக்கொண்டே கேட் வரைக்கும் ஓடுவார்கள். பிறகு அந்த அரைமணி நேரம். சங்கரேஸ்வரிக்கு அந்த அரைமணி நேரம் நெஞ்சில் வந்து நின்றது, போகமாட்டேன் என்றது. ரயில்வே கேட் சாத்தியிருந்தால் இன்னும் பத்து நிமிஷம் லாபம். இலந்தவடையைப் பிய்த்துப் பாதிப் பாதி, வளையல் கடை வாசலில் சும்மா நிற்பது, எவளுக்கு எவன் சைக்கிளில் பின்னால் வருகிறான் என்று கணக்கெடுப்பது. ரதியின் அப்பா கறாரான ஆள், சங்கரேஸ்வரி கூட வந்தால் நடந்து வா, இல்லாவிட்டால் நாலு மணிக்கு அண்ணன் பைக்கில் வந்து நிற்பான் என்று சொல்லியிருந்தார். அட, இதுதானா. இதற்குத்தானா. சங்கரேஸ்வரி தொழுவத்துக்குப் போய்விட்டால் ரதி அண்ணன் பின்னால் ஏறி ஐந்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போய் அடைந்துகொள்ள வேண்டும், அவளுடைய அரைமணி நேரம் போய்விடும். அந்த அரைமணி நேரத்துக்குத்தான் வாராவாரம் பூப் போட்டுச் சரி போட்டிருக்கிறாள். வீட்டுக்குப் போன பிறகு ரதிக்கு ஐந்தரைக்கு டியூஷன், சாய்வு என்றால் என்ன, கூம்பு என்றால் என்ன என்று அங்கே ஒருத்தர் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். சங்கரேஸ்வரி வீட்டுக்குப் போய், பதினெட்டு வாங்கின பிள்ளை என்பதால், டிவி பார்ப்பாள். கூடவே இருந்து குழி பறிக்கிறது என்று அம்மா யாரையாவது சொல்லும்போது எப்படி ஒருத்தி கூடவே இருந்து பறிப்பாள், கை தெரியாதா, மண் தெரியாதா என்று இவள் நினைத்ததுண்டு. தெரியாது போல. இலந்தவடை தின்றுகொண்டு இருந்தால் ஒன்றும் தெரியாது. குருவம்மாவுக்கு அரையாண்டில் ஐம்பத்தெட்டு. ஆறு மாசம் தொழுவத்தில் கிடந்தவளுக்கு ஐம்பத்தெட்டு. புதுசாக வந்த டெம்பரரி டீச்சர் ஒருத்தர், கழித்தல் குறியைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வட்டம் போட்டு, இதைப் பாருங்கடி, இதைப் பாருங்கடி என்று தொண்டை கிழியக் கத்துவது ஜன்னல் வழியாகக் கேட்கும். அதையும் சொல்லிக்காட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

சரி, ரதியை விடு, அவளும் பதினஞ்சு வயசுப் பிள்ளை. தமயந்தி டீச்சருக்குத் தெரியாதா? தெரியாது என்று நினைக்கத்தான் ஆசை. செப்டம்பரில் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட மேலதிகாரி வந்தபோது, டீச்சர் வகுப்புக்குள் வந்து நாலைந்து ஃபைலைப் புரட்டி, இவளுடையதைத் தேர்ந்தெடுத்து, ‘இது சுத்தமா இருக்கு’ என்று எடுத்துப் போனார். போகும்போது வாசலில் நின்று ஒரு பக்கத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சங்கரேஸ்வரியை ஒரு பார்வை பார்த்தார், சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை, ஃபைலை மூடிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அது தன் கையெழுத்தை ரசித்த பார்வை என்று நினைத்து ரெண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. அது எந்தப் பக்கமாக இருக்கும்? இவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள், ஒவ்வொரு பக்கத்திலும் டீச்சர் நின்று பார்ப்பதற்குத் தகுந்த தப்பு ஒன்று இருந்தது. ஒரு தாள் மட்டும் ஃபைலில் இல்லை. அதை நினைக்கக் கூடாது. அது வீட்டில் இருக்கிறது, அடுப்படிச் சுவரில், இருபதுக்கு இருபது, அம்மா சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டி வைத்தது. அதில் நாலாவது கணக்கு ஒரு நிரூபணம். அதை நினைக்க வேண்டாம். ரதி செய்தது துரோகம், அதைப் பற்றி நினைப்போம். டீச்சர் செய்தது அதைவிடப் பெரிய துரோகம், பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை, அதைப் பற்றி நினைப்போம். நாலாவது கணக்கில் இடது பக்கத்தில் இருந்து இறங்கிக்கொண்டே வந்து, பாதியில் வழி தெரியாமல்... வேண்டாம். வராண்டாவில் எதிர்ப்பக்கம் ஒரு பாட்டில் தண்ணீர் கொட்டிக் கிடக்கிறது, அது வெயிலில் எவ்வளவு நேரத்தில் காயும் என்று பார்ப்போம். வழி தெரியாமல், பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தாள், டீச்சர் நேரமாச்சு என்றார். பிறகு என்ன எழுதினாள்? தண்ணீர் காயவில்லை.

இடைவேளை மணி அடித்ததும் ரதி ஓடி வந்தாள். வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், பெஞ்சு டக்கென்றது. இப்போது கையைப் பிடிப்பாள், பயப்படாத சங்கரி என்பாள், அப்படிச் சொன்னால் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று சங்கரேஸ்வரி அந்த நொடியில் முடிவே செய்துவிட்டாள். ரதி ஃபைலைப் பார்த்தாள். “ஏட்டி, இதையா காட்டப் போற? என் கையெழுத்து இருக்குடி எல்லாத்துலயும். குடு, நான் கொண்டு போயிருதேன். தொலைஞ்சு போச்சுன்னு சொல்லு.” சங்கரேஸ்வரி, “தெரிஞ்சுதான் போட்டியா?” என்றாள். ரதி தரையைப் பார்த்தாள். “உனக்கு நல்லதுக்குத்தான போட்டேன். நீ அந்தக் கூட்டத்துல போய் உக்காரணுமா? நீயும்தான ஒண்ணும் கேக்கல.” பிறகு, “நான் ஸ்கூல் ஃபர்ஸ்ட் வருவேன்னு பெரிய டீச்சர் சொல்லிருக்காங்க. இது தெரிஞ்சா எங்க அப்பா கொன்னே போடுவாரு, சங்கரி” என்றாள். அதுவும் உண்மைதான், கொல்லாவிட்டாலும் பள்ளிக்கூடத்தை நிறுத்துவார். சங்கரேஸ்வரி ஃபைலைக் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கயிற்றை இறுக்கிக் கட்டினாள், ரதி அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மணி அடித்ததும் போனாள். முதுகில் அவள் பின்னல் ஆடிக்கொண்டே போனது, காலையில் ரயில்வே கேட்டில் அவிழ்ந்துபோய் இவள்தான் மறுபடி பின்னிவிட்டது.

அம்மா பதினொன்றரைக்கு வந்தாள். சேலை ஓரத்தில் வெல்லப்பாகு தெறித்துக் காய்ந்திருந்தது. கையில் ஒரு தாளைச் சுருட்டி வைத்திருந்தாள், அதைப் பார்த்ததும் சங்கரேஸ்வரிக்கு அது எந்தத் தாள் என்று தெரிந்துவிட்டது. அம்மா கம்பெனியில் இருந்து நேராக வரவில்லை, வீட்டுக்குப் போய்ச் சுவரில் இருந்து பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். பின்பக்கம் சுண்ணாம்பும் காய்ந்த பருக்கையும் ஒட்டியிருந்தன. “வாட்டி, நான் பேசுதேன்” என்று உள்ளே போனாள். பெரிய டீச்சர் உட்காரச் சொன்னார், அம்மா உட்காரவில்லை. தமயந்தி டீச்சர் ஓரமாக நின்றிருந்தார், மேஜையில் அந்த வெள்ளைத் தாள் தயாராக இருந்தது. பெரிய டீச்சர் நல்லவிதமாகத்தான் பேசினார், கணக்கில் இருபத்து மூன்று, இன்னும் மூணு மாசம்கூட இல்லை, பெயர்ப்பட்டியல் அனுப்ப வேண்டும், ஒரு வருஷம் போனால் போகட்டும் என்று. அம்மா சுருட்டின தாளை விரித்து மேஜையில் வைத்தாள். “டீச்சரம்மா, இருபதுக்கு இருபது வாங்குன பிள்ள இது. உங்க பள்ளிக்கூடத்துல போட்ட மார்க்குதான், நானா போட்டேன்?”

பெரிய டீச்சர் அதைத் தமயந்தி டீச்சர் பக்கம் தள்ளினார். டீச்சர் குனிந்து பார்த்தார். அவர் கண் முதல் கணக்கில் இறங்கியது, ரெண்டாவதில் இறங்கியது, மூன்றாவதில் மெதுவானது, நாலாவதில் நின்றது. நின்றதைச் சங்கரேஸ்வரி பார்த்தாள். இப்போது சொல்வார், இவர் டீச்சராயிற்றே, சொல்லித்தானே ஆக வேண்டும். டீச்சர் நிமிர்ந்து, “நல்லாப் போடுற பிள்ளதான் மேடம். பரீட்சைன்னா பயந்துருது. ஒரு வருஷம் வீட்டுல இருந்து நிதானமா எழுதட்டுமே” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள், அது இவ்வளவு சுலபம் என்று சங்கரேஸ்வரிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா ‘பாத்தீங்களா’ என்கிற மாதிரி நிமிர்ந்து நின்றாள், நல்லாப் போடுகிற பிள்ளை என்று டீச்சரே சொல்லிவிட்டாரே, அந்த ஒரு வார்த்தையில் அம்மாவின் முகம் எப்படி மலர்ந்துவிட்டது. அந்த முகத்தோடேயே கையெழுத்தும் போட்டுவிடுவாள். பேனாவைப் பெரிய டீச்சர் நகர்த்திக்கூட வைத்துவிட்டார்.

“அது தப்பு” என்றாள் சங்கரேஸ்வரி. யாருக்கும் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னாள். “அது இருபது இல்ல டீச்சர். பதினொண்ணு. மூணாவதுல கூம்புக்கு மூணில் ஒண்ணு போடல, ஃபார்முலாவுக்கு ஒரு மார்க் வேணா வரும். நாலாவது ஒண்ணுமே வரல, பாதியில விட்டுட்டு, கீழ எனவே நிரூபிக்கப்பட்டதுன்னு எழுதிட்டேன்.” ஃபைலையும் மேஜையில் வைத்தாள். “இதுலயும் எல்லாம் இப்படித்தான். எனக்குப் பயம்லாம் இல்ல, எனக்குத் தெரியல, அவ்வளவுதான். என் பேரை எடுத்துராதீங்க. என்னை நாலு மணி கிளாஸ்ல போடுங்க, குருவம்மா கூட.”

பெரிய டீச்சர் ஃபைலின் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு தாளாகப் பார்த்தார், கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார், தமயந்தி டீச்சரைப் பார்த்தார். தமயந்தி டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “ரதிப்பிரியாவை அனுப்புங்க” என்றார் பெரிய டீச்சர். பிறகு வெள்ளைத் தாளை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார், கிழிக்கவில்லை, வைத்தார். “மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். இன்னைக்கே நாலு மணிக்கு ஹாலுக்குப் போ.”

வெளியே வந்ததும் அம்மா அந்தக் குட்டைக்கால் பெஞ்சில் உட்கார்ந்தாள். டக்கென்றது. மேஜையில் இருந்து எடுத்து வந்த இருபதுக்கு இருபதை மடியில் வைத்து, பின்பக்கத்துச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். ரதி வராண்டாவின் அந்தக் கோடியில் வந்துகொண்டிருந்தாள். இவர்களைத் தாண்டும்போது நிற்கவில்லை, தலையைத் தூக்கவும் இல்லை. அவள் உள்ளே போன பிறகு அம்மா கேட்டாள்.

“நான் இதைச் சுவத்துல ஒட்டும்போது உனக்குத் தெரியுமா?”

ரதியைச் சொல்லலாம், டீச்சரைச் சொல்லலாம். காலையில் இருந்து அவர்கள் ரெண்டு பேரையும்தான் சொல்லிக்கொண்டு இருந்தாள். அம்மா பருக்கையை விரலில் எடுத்து நசுக்கியது, ‘கோணலா இருக்கா, நேரா இருக்கா, நீ நின்னு பாத்துச் சொல்லு’ என்றது, தள்ளி நின்று ‘நேராத்தான் இருக்கு’ என்று இவள் சொன்னது, எல்லாம் வந்தது.

“தெரியும்.”

அம்மா தலையை ஆட்டினாள். “கம்பெனியில ஒருத்தர் விடாமச் சொல்லிட்டேன்ட்டி” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தாளைச் சிவப்பு மை உள்ளே போகிற மாதிரி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ரெண்டாவது பாகு இறக்க நேரமாச்சு என்று எழுந்து நடந்தாள்.